இதயம் ‘ரிலாக்ஸ்’ ஆகவில்லை என்றால் நடையை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 63. பாலம் கட்டும் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 12 ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை இல்லை. தினமும் காலையில் 40 நிமிடம் நடப்பேன். மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ இல்லை. போன மாதம் முழு உடல் பரிசோதனை செய்தபோது எக்கோவில் ‘இ.எஃப். 62%, கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இம்பேர்டு ரிலாக்சேஷன்’ என்று வந்திருக்கிறது. அன்று பிரஷர் 152/92. அதைப் படித்த நாளிலிருந்து என் மகள் என்னை நடக்க விடுவதில்லை. “ரிலாக்ஸா இருங்கப்பா, டென்ஷன் ஆகாதீங்க” என்கிறாள். நான் டென்ஷன் ஆகிற ஆளே இல்லை. முதுகு வலிக்கு முன்பு கொடுத்த ‘மசில் ரிலாக்ஸன்ட்’ மாத்திரை மீதி இருக்கிறது. அது இதயத்துக்கும் உதவுமா? இன்னொரு சந்தேகம்: எங்கள் தொழிலில் கம்பிக்கு ரிலாக்சேஷன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இதயத்துக்கு மட்டும் அது குறைந்தால் ஏன் கெடுதல்?
– வாசகர், திருச்சி

பதில்: ஐயா, செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாளைக் காலையிலிருந்து மறுபடி நடங்கள். அந்த மீதி மாத்திரையைத் தொடாதீர்கள். 152/92 என்பதைச் சும்மா விடாதீர்கள். எக்கோ ரிப்போர்ட்டைவிட எனக்குக் கவலை தருவது அந்த எண்தான். எக்கோ என்பது இதயத்தின் அல்ட்ராசவுண்டு படம். அதில் வந்த ‘டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இம்பேர்டு ரிலாக்சேஷன்’ என்றால், இதயத் தசை தளர்வதில் சுணக்கம் என்று பொருள். இனி உங்கள் கடைசிச் சந்தேகத்துக்கு வருகிறேன். இத்தனை வருடங்களில் இந்த ரிப்போர்ட்டோடு எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் இப்படிக் கேட்டதில்லை. மற்றக் கேள்விகளுக்கும் இதிலிருந்தே விடை கிடைத்துவிடும்.

ப்ரீஸ்ட்ரெஸ் கான்கிரீட்டில் இழுத்துப் பூட்டிய ஸ்ட்ராண்டு, அதாவது கம்பி முறுக்கு, நீளம் மாறாமலே, நாளாக ஆக இழுவிசையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அறுபடும் பளுவில் 70 சதவீதத்துக்கு இழுத்து 1000 மணி நேரம் வைத்தால், இழப்பு 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ‘லோ ரிலாக்சேஷன்’ ஸ்ட்ராண்டுக்கான அளவுகோல். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: டப்பாவில் மாதக்கணக்கில் மாட்டியிருந்த ரப்பர் பேண்டு பிடிமானம் இல்லாமல் போய்விடுகிறதே, அதே சங்கதிதான். அது தானாக நடப்பது. காலம் போனால் போதும்.

இதயத் தசை தளர்வது அப்படித் தானாக நடப்பதில்லை. சுருங்குவது வேலை, தளர்வது ஓய்வு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் தளர்வதும் வேலைதான். ஒவ்வொரு துடிப்பிலும் தசைச் செல்லுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. அது வந்ததும் இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்க, தசை சுருங்குகிறது. அந்தப் பிடி விட வேண்டுமானால் கால்சியத்தைத் திரும்ப அதன் கிடங்குக்குள் ஏற்ற வேண்டும். அதற்கென்று செல்லுக்குள் பம்புகள் இருக்கின்றன. அவை ஓட ஏ.டி.பி. என்கிற எரிபொருள் வேண்டும். பற்றிய இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகவும் அதே ஏ.டி.பி. வேண்டும். எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை இறந்தவரின் உடலில் பார்க்கலாம். சில மணி நேரத்தில் கை கால் விறைத்துக் கட்டையாகிவிடுகிறது. பற்றிய பிடியை விடுவிக்கச் சக்தி இல்லாததால் வரும் விறைப்பு அது.

இதயத்துக்கு இந்த வேலைக்குக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்தான். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் சுருங்க 0.3, தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ள 0.5. இதயத்தின் இடது பக்கச் சுவருக்கே ரத்தம் பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நேரத்தில்தான் போகிறது. ஆக, உங்கள் கம்பிக்கு ரிலாக்சேஷன் என்பது நஷ்டம். இதயத்துக்கு அதுதான் அடுத்த துடிப்புக்கான முதலீடு. வயதாலும், பல வருடம் உயர் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சுவர் தடிப்பதாலும், சர்க்கரை, உடல் பருமன், ரத்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றாலும் முதலில் சுணங்குவது பெரும்பாலும் இந்தத் தளர்ச்சிதான். சுருங்கும் வலு கடைசி வரை நன்றாக இருக்கலாம். இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு. உங்களுக்கு அது 62 சதவீதம் என்றால் சுருங்கும் வலு நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ‘கிரேடு 1’ என்று எப்படிச் சொன்னார்கள்? எக்கோ எடுக்கும்போது திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு சின்னக் குன்றுகள் தெரியும். கீழறை தளர்ந்து, மேலறையிலிருந்து ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்வது முதல் குன்று. அதற்கு ‘இ’ என்று பெயர். கடைசியில் மேலறை சுருங்கி, மிச்சத்தைத் தள்ளிவிடுவது இரண்டாவது, அது ‘ஏ’. இருபது வயதில் முதல் குன்று நெடிது உயர்ந்து, இரண்டாவது குட்டையாக நிற்கும். கீழறை மெதுவாகத் தளர ஆரம்பித்தால் உறிஞ்சல் குறைந்து, அந்த வேலையை மேலறை ஏற்றுக்கொள்ளும். குன்றுகளின் உயரம் இடம் மாறும். அதுதான் ‘கிரேடு 1’. அறுபதைத் தாண்டியவர்களில் இது மிகச் சாதாரணம். உங்கள் வயதில், 12 ஆண்டு பிரஷரோடு, அது வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். மூச்சு வாங்கல் இல்லை, 40 நிமிடம் நடக்கிறீர்கள். இதை இதயச் செயலிழப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரிப்போர்ட்டில் இடது மேலறை வீங்கவில்லை என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் இன்னும் நிம்மதி.

முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அந்த ஃபிலிமிலும் இந்தச் சொல் ஒளிந்திருக்கிறது. டி1, டி2 என்று போட்டிருப்பார்களே, அவையும் ரிலாக்சேஷன் நேரங்கள்தான். காந்தப் புலத்தில் அணிவகுத்த ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் கலைத்துவிட்டு, அவை எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகின்றன என்று பார்க்கிறது கருவி. நீருக்கு ஒரு நேரம், கொழுப்புக்கு ஒரு நேரம். நீர்ச்சத்துள்ள டிஸ்க் டி2 படத்தில் வெளுப்பாகவும், வறண்ட டிஸ்க் கறுப்பாகவும் தெரிவது அதனால்தான். கலைந்த ஒன்று அடங்க எடுக்கும் நேரத்துக்கு ‘ரிலாக்சேஷன் நேரம்’ என்று இயற்பியலாளர் மாக்ஸ்வெல் 1867லேயே பெயர் வைத்துவிட்டார். உங்கள் கம்பியிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் வருகிறது. எக்கோவில் அது தசை தளர்வதைக் குறிக்கிறது. உங்கள் மகள் சொல்வது வேறு ரிலாக்ஸ். சொல் ஒன்றாக இருந்ததால் வந்த குழப்பம் இது.

மாத்திரை விஷயத்திலும் அதே குழப்பம்தான். முதுகு வலிக்குத் தரும் தசை தளர்த்தி மாத்திரை, மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து, எலும்போடு ஒட்டிய தசையின் இறுக்கத்தைக் குறைக்கிறது. இதயத் தசையை அது தளர்த்தாது. இவ்வளவு ஏன், ஆபரேஷன் தியேட்டரில் வெக்குரோனியம் என்ற தசை முடக்கும் ஊசி போட்டால் கை, கால், வயிறு, மூச்சுத் தசை எல்லாம் தொய்ந்து, மெஷின்தான் மூச்சுக் கொடுக்கும். அப்போதும் மானிட்டரில் இதயம் ஓடிக்கொண்டே இருக்கும். அது துடிக்க நரம்பின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. இன்னொன்றும் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் பட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்த மாத்திரைகளில் பலவற்றில் அசிக்ளோஃபெனாக் அல்லது டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் சேர்ந்தே இருக்கும். அது உடலில் உப்பையும் நீரையும் தங்க வைத்து பிரஷரை ஏற்றும். நீங்கள் சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பலனையும் குறைக்கும். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் அதைச் சாப்பிட்டீர்களா? அந்த 152க்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மகளுக்கு உங்கள் மேல் இருக்கும் அக்கறை புரிகிறது. ஆனால் நாற்காலியில் உட்கார வைப்பது இதயத்தை இளக்காது, இறுக்கும். 2018ல் அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. உடலுழைப்பு இல்லாமல் இருந்த நடுத்தர வயதினர் இரண்டு ஆண்டு ஒழுங்காக உடற்பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய இடது கீழறையின் விறைப்பு குறைந்திருந்தது. தமிழில் ‘இளைப்பாறுதல்’ என்கிறோம். இளைப்பு ஆறுவது. தளர்ச்சிக் கோளாறு முற்றினால் முதலில் வருவதும் இளைப்புதான்: மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், மல்லாந்து படுக்க முடியாது, சாயங்காலம் கணுக்கால் வீங்கும். அந்த இளைப்பு வராமல் இருக்கத்தான் நடக்கச் சொல்கிறேன். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கலோ வந்தால் அங்கேயே நின்றுவிட்டு, அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள்.

மனதைத் தளர்த்துவதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விட்டால் துடிப்பும் அழுத்தமும் ஓரளவு இறங்கும். படுக்கப் போகும் முன் செய்யுங்கள். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை.

அப்புறம் பிரஷர். இரண்டு வாரம் வீட்டில் காலையும் இரவும் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு அளந்து எழுதி, அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரிடம் போங்கள். 130/80க்குக் கீழே கொண்டுவர இரண்டாவது மாத்திரை தேவைப்படலாம், அதற்குத் தயங்காதீர்கள். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதில் அடக்கம். குறட்டை பலமாக இருக்கிறதா என்று வீட்டில் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களுக்குப் பிரஷர் எளிதில் அடங்காது. அடுத்த எக்கோ எப்போது என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். போகும்போது இந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு குன்றுகளின் உயரத்தையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.