இறால் குடலில் கிடந்தது பிளாஸ்டிக்கா, மணலா?

மட்டக்களப்பு வாவி இறாலின் குடலில் கிடைத்த துணுக்கை, கரைக்காமல் கொள்ளாமல் கன்போகல் ராமன் கருவியால் அடையாளம் காணலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. லேசர் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும், சி. வி. ராமன் 1928இல் கண்டது இதைத்தான். எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறு. அந்த மாற்றத்தை வரைபடமாக்கினால், பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்குக்கு அலையெண் 1001 cm⁻¹ அருகே கூரான முனை தெரியும். குவார்ட்ஸ் மணல் என்றால் 464 பக்கம். கன்போகல் என்பது வேறொன்றுமில்லை, ஒரு ஊசித்துளை. குவியத்துக்கு வெளியேயிருந்து வரும் ஒளியை அது மறித்துவிடும். அதனால் 1 மைக்ரோமீட்டர் அளவுத் துணுக்கும் தனியாகத் தெரியும், பெயின்ட் பூச்சையும் சுரண்டாமல் அடுக்கடுக்காகப் பார்க்கலாம். தண்ணீரின் ராமன் ஒளி மங்கல். ஆகவே தண்ணீரிலுள்ள உயிருள்ள கலங்களையும் சாயமேற்றாமலே பார்க்கலாம். ஒன்று மட்டும்: கல்லடிப் பாலத்தடிச் சேற்றோடு அப்படியே வைத்தால், லேசர் பட்டுச் சேற்றின் கரிமப் பொருள் விடும் ஒளிர்வு ராமன் ஒளி எல்லாவற்றையும் மூடிவிடும். அதைப் போக்க முதலில் ஐதரசன் பேரொட்சைட்டில் ஊறவைத்துக் கழுவுங்கள்.