‘அமெரிக்கன் ஹிஸ்டரி எக்ஸ்’ பார்த்த பெடியள் டெரெக்கின் உடம்பைத்தான் மெச்சினார்கள். அடுத்த முறை கலந்துரையாடலை எப்படிக் கொண்டுபோவது?

கறுப்பர்களை வெறுக்கிற நாசிக் கும்பலில் சேர்ந்து, கொலை செய்து சிறைக்குப் போகிற வெள்ளைக்கார இளைஞன் டெரெக்கின் கதைதான் இந்த அமெரிக்கப் படம்; டெரெக்காக நடித்தவர் எட்வர்ட் நோர்ட்டன். அதை யாழ்ப்பாணத்தில் உங்கட சனசமூக நிலையத்தில் போட்டு, முடிந்த கையோடு “எப்படி இருந்தது?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பிழை அந்தக் கேள்வியில்தான். இரண்டு மணித்தியாலம் அடிவாங்கினது போல இருக்கிறவனிடம் அப்படிக் கேட்டால் “பயங்கரம்”, “நோர்ட்டன் கலக்கிட்டான்” என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

பெடியளை முழுக்கக் குறை சொல்லவும் ஏலாது. 1998இல் வந்த இந்தப் படத்தின் இயக்குநர் டோனி கே, ஒளிப்பதிவையும் தானே செய்தார். நிகழ்காலம் வண்ணத்தில்; டெரெக் நாசிக் கும்பலோடு திரிந்த காலம் கறுப்பு வெள்ளையில். கொலை செய்துவிட்டுப் பொலிசிடம் பிடிபடுகிற காட்சியைத் திரும்பப் பாருங்கள். ஸ்லோ மோஷன், பின்னணியில் கோரஸ், வெறும் மார்பு, ஒரு புன்னகை. எங்கட கதாநாயகர்கள் அறிமுகமாகிற அதே இலக்கணம்! கறுப்பு வெள்ளையில் இரத்தத்தின் சிவப்புத் தெரியாது, தசைதான் தெரியும். இதைச் சொல்லிக் கண்டிக்கப் போகாதீர்கள். காட்சியைச் சத்தமில்லாமல் ஒருதரம், சத்தத்தோடு ஒருதரம் போட்டுவிட்டு, “செத்தவர்களுக்கு என்ன பெயர்?” என்று மட்டும் கேளுங்கள். ஒருவருக்கும் பதில் வராது. அந்த அமைதியிலிருந்து கதைக்கத் தொடங்கலாம்.

படத்துக்கு முன் சொல்லவேண்டியவை இரண்டு. கோயில் வாசலில் போடுகிற சுவஸ்திகா வேறு, டெரெக்கின் மார்பில் இருக்கிற நாசிச் சின்னம் வேறு. இதை முதலே சொல்லாவிட்டால் அரை மணித்தியாலம் அதிலேயே போய்விடும். மற்றது, சிறைக் குளியலறையில் பாலியல் வன்முறை வருகிறது, நடைபாதை விளிம்பில் ஒரு கொலை வருகிறது. தடுப்பு முகாமில் இருந்து வந்தவர்கள் எந்த மண்டபத்திலும் இருக்கக்கூடிய ஊர் இது. எச்சரித்துவிடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள், கதவோரம் நாலைந்து கதிரையை வெறுமையாக விடுங்கள். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தப் படம் வேண்டாம்.

முடிந்ததும் பத்து நிமிடம் தேத்தண்ணி. பிறகு பலகையில் ஒரு கேள்வி: டெரெக்கின் வெறுப்பு எங்கே தொடங்கியது? பெரும்பாலானோர் “தீயணைக்கப் போன தகப்பனைச் சுட்டதால்” என்பார்கள். அதை அப்படியே எழுதிவிட்டு, படத்தின் கடைசிப் பகுதியில் வருகிற காலைச் சாப்பாட்டுக் காட்சியைத் திரும்பப் போடுங்கள். டெரெக் அப்போது நல்ல மாணவன். கறுப்பின ஆசிரியர் ஸ்வீனியின் வகுப்பை ஆசையாகச் சொல்கிறான். தகப்பன் கத்தவில்லை, அடிக்கவில்லை. சாப்பிட்டபடியே, தன் வேலையிடத்தில் கறுப்பர்களுக்குச் சலுகை கொடுக்கிறார்கள் என்று சொல்லி அந்த ஆசையை உடைக்கிறார். மகன் தலையாட்டுகிறான். தகப்பன் சாக முதலே விதை விழுந்துவிட்டது. என்னைக் கேட்டால் முழுப்படத்திலும் பெறுமதியான இடம் இதுதான். மொட்டைத்தலையும் துவக்கும் பின்னால் வந்தவை.

நேரமிருந்தால் சிறைச் சலவையறையையும் எடுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி திருடும்போது அது பொலிஸ்காரன் காலில் விழ, தாக்குதல் என்று வழக்குப் போட்டு, டெரெக்கோடு அங்கே வேலை செய்கிற கறுப்பினக் கைதி லமொன்ட்டுக்கு 6 வருசம். இரண்டு பேரைக் கொன்ற டெரெக் இருந்தது 3 வருசம். பலகையில் 6, 3 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் போதும். சலுகை யாருக்கு என்று அவர்களே கதைப்பார்கள்.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். யாரோ ஒருவர் 1981 நூலக எரிப்பையும் 83 யூலைத் தமிழர் படுகொலையையும் எடுப்பார். தடுக்காதீர்கள், அது நியாயமான நினைவு. ஆனால் அதிலேயே நின்றால் படம் “டெரெக் என்பவன் மற்றப் பக்கத்து ஆள்” என்றாகிவிடும். உடனே “1990 ஒக்ரோபரில் புலிகள் சோனகதெரு முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினார்களே” என்றோ “1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக ஒடுக்கப்பட்ட சாதியினர் ஏன் போராட வேண்டியிருந்தது” என்றோ நடத்துகிற ஆள் எதிர்க்கேள்வி வைத்தால் மண்டபம் இரண்டாக உடையும், ஆளாளுக்குக் கணக்குப் பார்ப்பார்கள். அவை வரவேண்டும், ஆனால் அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும்.

அதற்கு ஒரு வழி. எல்லாருக்கும் ஒரே அளவுத் துண்டு, ஒரே நிறப் பேனை. “உங்கட வீட்டுச் சாப்பாட்டில் யாரைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பழித்துக் கதைப்பார்கள்?” ஒரு சொல் மட்டும், பெயரில்லாமல். வசனம் எழுதவிட்டால் ஊருக்குள் கையெழுத்தைப் பிடித்துவிடுவார்கள். வாசிக்கிறவர் வெளியூர் ஆளாக இருந்தால் நல்லது. சாதிப் பெயரை வசையாக யாராவது எழுதியிருந்தால் அதை உரத்து வாசிக்காமல் “ஒரு சாதி” என்று சொல்லுங்கள். மண்டபத்தில் இருக்கிற முஸ்லிம் பெடியனிடமோ ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையிடமோ திரும்பி “உங்கட ஆக்கள் என்ன நினைக்கினம்?” என்று கேட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிள்ளை வராது.

படம் 119 நிமிடம், கதைக்க முக்கால் மணித்தியாலமாவது வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினால் பலகையில் எழுதுகிற நேரத்தில் பஸ்ஸுக்கு எழும்பிவிடுவார்கள். இரண்டு மணிக்கே தொடங்குங்கள்.