சீன நகரங்களின் வானளாவிய கட்டடங்கள்: எந்த உயரக் கணக்கைக் கொள்வது?

வாசகர் கேள்வி: அலுவல் நிமித்தமாக ஷாங்காய்க்கும் ஷென்சென்னுக்கும் செல்லவிருக்கிறேன். ஷாங்காயில் ஒரு மாலை மட்டும் ஓய்வு கிடைக்கும். எந்தக் கட்டடத்தில் ஏறிப் பார்ப்பது என்று தேடினால், ஒரே கட்டடத்துக்கு இடத்துக்கு இடம் வெவ்வேறு உயரம் தருகிறார்கள். எதை நம்புவது?

பதில்: அந்த எண்களில் பல, அவையவை அளக்கும் முறைப்படி சரியானவையே. சிகாகோவிலிருந்து இயங்கும் பன்னாட்டு உயர்கட்டட மன்றம் ஒரே கட்டடத்துக்கு மூன்று உயரங்களைப் பதிவு செய்கிறது. மூன்றுக்கும் தொடக்கப் புள்ளி தரைமட்ட நுழைவாயில்தான். முடியும் இடமே வேறு. கட்டடக்கலை வடிவமைப்பின் உச்சி வரை அளப்பது முதலாவது. இதில் வடிவமைப்பின் அங்கமான கூர்முனை சேரும், ஆன்டெனா சேராது. மனிதர் புழங்கும் கடைசித் தளம் வரை அளப்பது இரண்டாவது. ஆன்டெனா உட்பட எல்லாவற்றையும் சேர்த்து நுனி வரை அளப்பது மூன்றாவது. தரவரிசைப் பட்டியல்கள் முதல் கணக்கையே பின்பற்றுகின்றன. ஏறிப் பார்க்கப் போகும் உங்களுக்கு வேண்டியதோ இரண்டாவது கணக்கு.

இந்த வேறுபாடு சிறியதன்று. நாஞ்சிங் நகரின் ஸிஃபெங் கோபுரம் 450 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது; ஆனால் மனிதர் புழங்கும் கடைசித் தளம் ஏறத்தாழ 317 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய 133 மீட்டர், தனியே தரையில் நிறுத்தினாலே ஓர் உயர்ந்த கட்டடமாகும் அளவு. இதற்கு நேர்மாறாக, ஷாங்காயின் உலக நிதி மையம் 492 மீட்டர்தான் என்பதால் தைவானின் 508 மீட்டர் தைப்பே 101 கட்டடத்துக்குக் கீழே வைக்கப்படுகிறது; தைப்பே கட்டடம் அந்த மேலிடத்தைப் பெறுவது கூர்முனையால். ஷாங்காய்க் கட்டடத்தில் 474 மீட்டர் உயரத்தில் நின்று பார்க்க முடியும், தைப்பேயில் அவ்வளவு உயரத்தில் ஆட்கள் புழங்கும் தளமே கிடையாது.

பழைய திட்ட எண்களும் குழப்பத்துக்குக் காரணம். ஷென்சென்னின் பிங் ஆன் நிதி மையம் 660 மீட்டர் என்று இன்றும் சில பக்கங்களில் காணலாம். விமானப் பாதைக்கு இடையூறாகும் என்பதால் உச்சிக்கம்பம் கைவிடப்பட்டது. 2017-இல் நிறைவடைந்த கட்டடத்தின் உயரம் 599 மீட்டர். வூஹானின் கிரீன்லாந்து மையமும் 636 மீட்டராகத் திட்டமிடப்பட்டு, வான்வெளிக் கட்டுப்பாட்டால் 476 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆகவே, நிறைவடைந்த ஆண்டைக் குறிப்பிடாத பட்டியலை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஆன்டெனா சேர்ந்த உயரத்தைப் பெருமைக்குரியதாகக் கருதுவோர்க்கு ஷென்சென்னின் எஸ்இஜி பிளாசாவை நினைவூட்ட விரும்புகிறேன். கூரை வரை ஏறத்தாழ 292 மீட்டர். உச்சியில் இருந்த கம்பங்களைச் சேர்த்தால் 356 மீட்டர். 2021 மே மாதத்தில் நிலநடுக்கமோ புயலோ இல்லாத ஒரு நடுப்பகலில் அந்தக் கட்டடம் அதிர, உள்ளிருந்தவர்களும் தெருவில் நின்றவர்களும் ஓடினார்கள். அந்தக் கம்பங்கள் காற்றில் அதிர்ந்து, அந்த அதிர்வு கட்டடத்தின் இயல்பான அசைவோடு ஒத்திசைந்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வுக் குழு கண்டறிந்தது. கம்பங்கள் பிறகு அகற்றப்பட்டன. அதே ஆண்டில் சீன அரசு 500 மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்குத் தடை விதித்தது. முப்பது லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் நகரங்களுக்கு 250 மீட்டரே உச்சவரம்பு. எனவே இப்போதைய முதலிடங்கள் விரைவில் மாறப்போவதில்லை.

தள எண்ணை வைத்து உயரத்தை ஊகிக்க வேண்டாம். சீனாவில் தரைத்தளமே ஒன்றாம் தளம். அதனால் அங்குள்ள 118-ஆவது தளம் நம் வழக்கில் 117-ஆவது மாடி. நான்கு என்ற எண்ணைத் தவிர்க்கும் கட்டடங்களும் உண்டு.

இனி உங்கள் மாலைக்கு வருவோம். ஷாங்காயின் லூஜியாசுயி பகுதியில் ஷாங்காய் கோபுரம், உலக நிதி மையம், ஜின் மாவோ ஆகிய மூன்று கட்டடங்களும் அருகருகே நிற்கின்றன. 632 மீட்டர் ஷாங்காய் கோபுரத்தின் 118-ஆவது தளக் காட்சிக்கூடம் 546 மீட்டரில் இருக்கிறது. உலக நிதி மையத்தின் உச்சியில் உள்ள பெரிய திறப்பைக் குனிந்து பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கும். வானம் தெளிவாக இருந்தால் தயங்காமல் அதற்கே செல்லுங்கள். நுழைவுச்சீட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். ஜூன், ஜூலை மழை நாள்களில் மேகம் தாழ்ந்து கோபுரத்தின் மேற்பகுதியையே மறைத்துவிடும். தெருவில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போது உச்சி தெரியவில்லையென்றால், உச்சியிலிருந்து தெருவும் தெரியாது. அத்தகைய நாளில் ஜின் மாவோவின் 88-ஆவது தளத்தைத் தேர்ந்தெடுங்கள். 340 மீட்டரில் மேகத்துக்குக் கீழே நிற்க வாய்ப்பு அதிகம். வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும், உள்பக்கச் சன்னல் வழியே அதே கட்டடத்தில் உள்ள ஹோட்டலின் வட்ட முற்றம் 56-ஆவது தளம் வரை வளையம் வளையமாக இறங்குவதைப் பார்க்கலாம்.