சிறுநீரக மாற்றுக்குக் காத்திருக்கும்போது இன்னொரு கொவிட் வந்தால்?

கேள்வி: என் கணவருக்கு 46 வயது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் கிழமைக்கு இரண்டு தரம் டயலிசிஸ் செய்கிறோம். என்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க இருக்கிறேன். கண்டியில் பரிசோதனைகள் நடக்கின்றன. 2020இல் எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குத் திகதி குறித்த பிறகு கொவிட் வந்து, சத்திரசிகிச்சை பல மாதம் தள்ளிப்போனது. திரும்பவும் அப்படி ஒன்று வந்தால் எங்கள் கதி என்ன? அவசரமாகச் செய்துவிடச் சொல்லிக் கேட்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சகோதரி. ஆனால் உங்கள் சொந்தக்காரரை மட்டும் யாரும் ஒதுக்கிவைக்கவில்லை. 2020இன் முதல் மாதங்களில், இறந்தவர்களிடமிருந்து பெறும் உறுப்புகளைக் கொண்டு செய்யும் சத்திரசிகிச்சைகள் பிரான்சில் ஏறக்குறைய 90 வீதமும் அமெரிக்காவில் பாதியளவும் குறைந்தன. 22 நாடுகளின் எல்லா உறுப்பு மாற்றுகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், அந்த வருடம் முழுவதற்கும் 16 வீதக் குறைவு. அதிலும் கூடுதலாக அடிபட்டது, உயிரோடு இருப்பவர் கொடுக்கும் சிறுநீரகம்தான்.

காரணம் இருக்கிறது. ஈரல், இதயம் பழுதானவருக்குக் காத்திருக்க நேரமில்லை. சிறுநீரக நோயாளியை டயலிசிஸ் தாங்கிப் பிடிக்கும். கொடுப்பவரோ நோயில்லாத ஆள். தொற்று நிறைந்த வைத்தியசாலைக்குள் அவரைக் கொண்டுவந்து கத்தி வைக்க எந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும் மனம் வராது. தீவிர சிகிச்சைக் கட்டில்களும் மயக்க மருந்து வைத்தியர்களும் கொவிட் பக்கம் போய்விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமலிருக்க, மாற்றிய முதல் மாதங்களில்தான் எதிர்ப்புச் சக்தியை மருந்தால் கூடுதலாக அடக்கிவைக்கிறோம்.

அதற்காக, தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்றும் சொல்லமாட்டேன். டயலிசிஸ் நோயாளியை வீட்டிலேயே இரு என்று சொல்ல முடியுமா? ஊரடங்கிலும் அவர் வாகனம் பிடித்து வரவேண்டும், பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்க நாலு மணித்தியாலம் படுத்திருக்கவேண்டும். பிசிஆர் பரிசோதனை ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியதும் பல நாடுகள் மாற்று சத்திரசிகிச்சையைத் திரும்ப ஆரம்பித்தது இதனால்தான்.

சரி, அவசரப்படலாமா? வேண்டாம். குறொஸ்மச் (உங்கள் சிறுநீரகத்தை அவருடைய உடம்பு எதிர்க்குமா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை) பொருந்தவேண்டும், உங்கள் பிறஷர், சீனி, மிஞ்சப்போகும் ஒற்றைச் சிறுநீரகத்தின் பலம் எல்லாம் பார்க்கவேண்டும். அதில் ஒன்றையும் குறுக்க முடியாது. ஆனால் திகதிகளைத் தவறவிடாமல் முடித்துவைத்தால், கதவு திறந்த அன்றே நீங்கள் தயாராக நிற்கலாம்.

நான் அழுத்திச் சொல்வது தடுப்பூசியை. அவற்றை மாற்றுக்கு முன்பே போட்டு முடியுங்கள். 2021இல் அமெரிக்காவில் உறுப்பு மாற்றியவர்களைப் பரிசோதித்தபோது, இரண்டு கொவிட் ஊசிக்குப் பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பிறபொருளெதிரி உருவாகியிருந்தது. அந்த ஓகஸ்டிலேயே அவர்களுக்கு மூன்றாவது ஊசிக்கு அங்கே அனுமதி கொடுத்தார்கள். டயலிசிஸில் இருக்கும்போது உடம்பு இதைவிட நன்றாகப் பதில் சொல்லும். ஹெபடைட்டிஸ் பி, நியூமோகொக்கல், இன்ஃப்ளுவென்ஸா ஊசிகளைப் பற்றி அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். கொப்புளிப்பானுக்குப் போடுவது போன்ற உயிருள்ள தடுப்பூசிகள் மாற்றுக்குப் பிறகு கூடாது. தேவையென்றால் குறைந்தது நாலு கிழமைக்கு முன்பே போட்டுவிடவேண்டும். எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் திகதியோடு எழுதுவியுங்கள். கண்டியில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

மாற்றிய பிறகு ஒரு தொற்று வந்தால், பயத்தில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குளிசையை நிறுத்தக்கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் நிபுணரின் வேலை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள்; என்றாலும் இரண்டு கிழமைக்கான மருந்து மேலதிகமாகக் கையில் இருப்பது நல்லது. அந்த டிசம்பரில், கொவிட்டுக்கு மருந்து என்று சொல்லி ஒருவர் கொடுத்த பாணிக்காகக் கேகாலையில் சனம் முண்டியடித்தது ஞாபகமிருக்கும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யார் எதைக் கொண்டுவந்து தந்தாலும் உங்கள் கணவருக்கு வேண்டாம். நாங்கள் அதை அடக்கத்தானே மருந்து கொடுக்கப்போகிறோம்!

கொவிட்டுக்குக் கொடுக்கும் பக்ஸ்லோவிட் குளிசை, மாற்றிய பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் டக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஆபத்தான மட்டத்துக்கு ஏற்றிவிடும். ஆகவே காய்ச்சல், தடிமன் என்று எந்த வைத்தியரிடம் போனாலும், மருந்து எழுத முதல் டக்ரோலிமஸ் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். பாமசியில் டைக்ளோபெனாக் போன்ற நோவுக் குளிசை தந்தால் வாங்கவேண்டாம். காய்ச்சலுக்குப் பனடோல் போதும். அது விடாவிட்டால் அன்றே வோர்ட்டுக்கு வாருங்கள்.