தேனீயும் தேனீ வளர்ப்பவரும்

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். குழந்தைகள் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று என் மூன்று வயது மகளும் நானும் ஒன்றுக்கொன்று பொருத்தமான வேடம் அணிய விரும்புகிறோம். செலவு அதிகமாகாமல் என்ன செய்யலாம்?

பதில்: ஒரே உடையை இரண்டு அளவுகளில் வாங்குவதைவிட, ஒருவர் வேடம் மற்றவர் வேடத்தை நிறைவு செய்வதே அழகு என்பது என் கருத்து. மகள் தேனீயாகட்டும், நீங்கள் தேனீ வளர்ப்பவராகுங்கள். அங்கே அந்த நாளின் மாலை குளிராகவே இருக்கும் என்பதால், மகளின் மஞ்சள் ஸ்வெட்டரின் மேல் இரண்டு விரற்கடை அகலக் கறுப்புத் துணிப்பட்டைகளைக் கையால் இடைவெளி விட்டுத் தைத்துவிட்டால், பிறகு நூலை உருவிவிட்டு அதையே குளிர்காலம் முழுவதும் அணிவிக்கலாம். உங்களுக்கு வெள்ளைச் சட்டையும் கால்சட்டையும், அகன்ற விளிம்புள்ள தொப்பியிலிருந்து தோள்வரை தொங்கும் வலைத்துணியும் போதும். நடக்கும்போது வலையை மேலே மடித்துவிடுங்கள்.

குழந்தைக்கு முகமூடி வேண்டவே வேண்டாம். அது சற்று நகர்ந்தாலும் பார்வை மறைந்து, வீட்டு வாசற்படிகளில் தடுக்கி விழ நேரிடும். மூக்கு நுனியில் குழந்தைகளுக்கான முகச்சாயத்தால் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தாலே தேனீ வந்துவிடும். சில வீட்டு வாசல்களில் அலங்காரமாகக் குடைந்து வைத்த பூசணிக்காய்க்குள் உண்மையான மெழுகுவத்தி எரியும். ஆகவே இறக்கைகள் தோளைத் தாண்டி நீளாமல் சிறியதாக இருக்கட்டும். அவற்றின் பின்புறம் ஒளியை எதிரொளிக்கும் பட்டையை ஒட்டினால், இருட்டில் வரும் கார் ஓட்டுநரின் கண்ணில் மகள் எளிதில் படுவாள்.