டி.சி. வாங்காதீர்கள், முதலில் ஏ.டி.எம். கார்டை முடக்குங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மூத்த மகள் ஊட்டியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு பேப்பர் அரியர். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிப் படிப்புக்காக அரசு தரும் புதுமைப் பெண் திட்டப் பணம், மாதம் ஆயிரம் ரூபாய், நான்கு மாதமாக வரவில்லை. ஒருவர் ஐயாயிரம் கொடுத்தால் ஸ்காலர்ஷிப், அரியர் இரண்டையும் முடித்துத் தருவதாகச் சொல்லி அசல் சான்றிதழ்களை வாங்கிப் போனார். மகள் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்கும் தொடங்கினார். கார்டு அவரிடம்தான் இருக்கிறது. மகளோ சரியாகத் தூங்குவதில்லை, கல்லூரிக்கே போக மாட்டேன் என்கிறாள். டி.சி. வாங்கித் தொலைநிலைக் கல்வியில் சேர்த்துவிடலாமா? இளையவள் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்தவள், இப்போது அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது. அவளுக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்குமா?

பதில்: உங்கள் மகளின் பணம் நின்றுபோயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். இந்த மாதிரி உதவித்தொகை, ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்குப் போகும். பழைய பாஸ்புக்கை எத்தனை முறை பதிந்து பார்த்தாலும் அதில் தெரியாது. அந்த ஆள் தொடங்கிய கணக்கில் விழுந்து, அவர் சட்டைப் பையில் இருக்கிற கார்டு வழியாக வெளியே போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் மகளே பார்க்கலாம், காசு கிடையாது. அதே நாளில் புதிய கணக்குள்ள வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கின் வரவு செலவுப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பழைய வங்கியில் ஆதாரை மறுபடி இணைக்க எழுதிக் கொடுங்கள்.

அந்த உதவித்தொகை போனால்கூடப் போகட்டும் என்பேன். என் பயமே வேறு. மாணவர்கள் பெயரில் கணக்குத் தொடங்கி, அதை ஆன்லைன் மோசடிப் பணம் கடத்த விற்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. போலீஸ் தேடி வரும்போது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெரிய தொகை வந்து போயிருந்தால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லுங்கள். அந்த ஆள் சான்றிதழைத் தர இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்; புகார் என்ற சொல்லைக் கேட்டதுமே இவர்களுக்குச் சான்றிதழைத் திருப்பித் தரக் கை தானாக நீளும். அசல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே சொல்லிவிட்டது. வெளியாளுக்கு அதில் என்ன வேலை? வருமானச் சான்று வேண்டுமென்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய். உதவித்தொகை விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது, அதற்கென்று அங்கே ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார். அவரை ஒரே நாளில் பிடிக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவர் வகுப்பும் எடுக்க வேண்டும், இணையதளம் திறக்கும் வரை காத்திருக்கவும் வேண்டும். தரகர்கள் பிழைப்பதே அந்த இடைவெளியில்தான்.

அரியரை யாரும் ‘பேசி’ முடிக்க முடியாது. திருத்தியதில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டலாம், கெடுவுக்குள். இல்லையென்றால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம். இரண்டு அரியருக்காக மூன்றாம் ஆண்டு நின்றுவிடாது. வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சிக்கல் ஆரம்பிக்கும்; இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நாளும் அதில்தான் கழிகிறது. டாக்டரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். டி.சி. வேண்டவே வேண்டாம். தொலைநிலைக் கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டம் பொருந்தாது.

மகள் ஏன் போக மறுக்கிறாள் என்று கேட்டீர்களா? திட்டாமல் கேட்டீர்களா? படிப்பு பயமாக இருக்கலாம், யாராவது தொந்தரவு கொடுக்கலாம், அந்த ஆள் ஓ.டி.பி. கேட்டு ஓயாமல் போன் செய்வதாகக்கூட இருக்கலாம். அவளுடைய வகுப்பு டியூட்டரை நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். கல்லூரிகளில் ஆலோசனை மையம் என்று போர்டு தொங்கும். பல இடங்களில் ஆய்வுக் குழு வருகிற அன்றுதான் பூட்டைத் திறக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, அவளே பேசலாம். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசுவார்கள். ராகிங் என்று தெரிந்தால் 1800-180-5522. தூக்கமின்மை நீடித்தால் ஊட்டி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், ஊர் என்ன பேசும் என்று பார்க்காதீர்கள்.

இளையவள் விஷயம். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளி என்பதுதான் விதி. உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பிறகு சேர்த்தார்கள், அது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்தக்கூடியது ஒரே ஒரு விலக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தில் சேர்ந்து எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கும் கிடைக்கும். கவனியுங்கள், அந்த இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்திருந்தால், எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியிருந்தாலும், கிடையாது. ‘பள்ளியில் சலுகை கொடுத்தார்கள்’ என்பதும் சேராது. பஸ் ஃபீஸ், புத்தகக் காசு மட்டும் கட்டினோம் என்றால் பெரும்பாலும் இலவச இடம்தான், ஆனாலும் உங்கள் வாய்ச்சொல் செல்லாது. டி.சி.யில் அது எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. ஆகவே, அந்தச் சட்டத்தின் கீழ் சேர்ந்து எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை படித்தாள் என்று பழைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். பள்ளி இழுத்தடித்தால் ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். பன்னிரண்டாவது ரிசல்ட் வரும் வரை காத்திருக்க வேண்டாம். மே மாதம் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.