பள்ளிக்கூடச் சேட்டைக்குப் போலீஸ் கேஸா? டெக்சாஸ் கிளம்பும் தம்பிக்கு

தம்பி, ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு டல்லாஸ் பக்கம் போகிறீர்கள், பையனைப் பதினோராம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பள்ளி அனுப்பிய கையேட்டைப் படித்ததிலிருந்து வீட்டில் தூக்கம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். "வகுப்பில் கத்தினாலும், ரெண்டு பசங்க சட்டையைப் பிடிச்சுக்கிட்டாலும் போலீஸ் கேஸ் ஆகுமாண்ணா? அப்படி ஒரு சட்டம் இருக்கிறது சரிதானா?" என்று கேட்டிருந்தீர்கள். நானும் ஆடிக்கு ஊருக்கு வந்து சேலம் அம்மாபேட்டையில்தான் இருக்கிறேன். அதனால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். வகுப்பில் கத்தியதற்கு இப்போது டெக்சாஸில் கேஸ் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது, பட்டுத் தெரிந்துகொண்டு பின்வாங்கினார்கள். ஆனால் கேஸ் ஆகக்கூடிய சங்கதிகள் இன்னும் சில உண்டு. அவை நம் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்கிறவையாக இருப்பதுதான் வம்பு.

நான் டெக்சாஸ் போன புதிதில் பள்ளியில் இருக்கும் போலீஸ்காரர் மாணவனுக்கு 'டிக்கெட்' எழுதுவார். வேகமாகக் கார் ஓட்டினால் கொடுக்கிறார்களே, அதே மாதிரி சீட்டு. வகுப்புக்கு இடைஞ்சல், பள்ளிப் பேருந்தில் இடைஞ்சல் என்று காரணம் எழுதியிருக்கும். சட்டக் கணக்கில் அது 'கிளாஸ் சி மிஸ்டிமீனர்', அதாவது இருப்பதிலேயே சின்ன வகைக் குற்றம், அபராதம் 500 டாலர் வரை, அதற்கு மேல் கோர்ட் செலவு. எங்கள் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பத்துப் பையன் ஒருவன், எட்டாம் வகுப்பு, பஸ்ஸில் பால் டப்பாவை எறிய, அது டிரைவர் சீட்டுப் பக்கம் போய் வெடித்துவிட்டது. அவன் அப்பாவுக்குத் துணையாக நானும் நகராட்சிக் கோர்ட்டுக்குப் போனேன். முன் பெஞ்சில் சிக்னலைத் தாண்டியவர்கள், நாயை அவிழ்த்துவிட்டவர், வீட்டு முன்னால் புல் வெட்டாதவர். கடைசி பெஞ்சில் இஸ்திரி போட்ட சட்டையோடு இவன். பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கி "பிரசென்ட்" என்றான். நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டபோதுதான் பையனுக்கு முகம் செத்துப்போனது. அபராதத்தைத் தவணையில் கட்டச் சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

அன்று பள்ளியிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஏன் எறிந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவும் இல்லை. மதியச் சாப்பாட்டு வாசனையைச் சொல்லி ஒருத்தன் ரொம்ப நாளாக இவனைக் கேலி செய்துகொண்டிருந்தது, திரும்பி வரும்போது காரில்தான் வெளியே வந்தது. சட்டம் சரியா என்று கேட்டீர்களே, எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். சேட்டையைக் குற்றமாக்கினால் பள்ளி பையனைக் கைகழுவிவிடுகிறது. கேஸ் எண் போட்டாகிவிட்டது, இனி கோர்ட் பாடு. வாத்தியாருக்கும் அவனுக்கும் நடுவில் நடக்க வேண்டிய பேச்சு நடக்காமலே போய்விடுகிறது.

அதற்காக நம் ஊர் முறைதான் உசத்தி என்று நான் கொடி பிடிக்கவில்லை. டவுன் பஸ் படியில் தொங்கியதற்காக ஹெட்மாஸ்டரிடம் பிரம்படி வாங்கிய தலைமுறை நான். "அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லாட்டி டி.சி.யை வாங்கிட்டுப் போ" என்பதுதான் அன்றைய சட்டம். தமிழ்நாட்டில் 2003லேயே கல்வி விதியைத் திருத்தி அடியை நிறுத்தச் சொன்னார்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுவதுக்கும் அதையே சொன்னது. நல்லதுதான். அடிக்கு மாற்று போலீஸ் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கேதான் நான் ஒத்துப்போவதில்லை.

டெக்சாஸ் எப்படி மாறியது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2013இல் சட்டம் திருத்தி, சொந்தப் பள்ளியில் செய்யும் வகுப்பு இடைஞ்சலுக்கு மாணவன்மேல் குற்றம் சாட்டுவதை நிறுத்தினார்கள். பள்ளிக்கு மட்டம் போடுவது அப்புறமும் குற்றமாகவே இருந்தது. ஒரே ஆண்டில் லட்சத்துக்கு மேல் கேஸ்கள் போட்டார்கள், அபராதம் கட்ட முடியாத பிள்ளைகளில் சிலர் பதினேழு வயதானதும் ஜெயிலுக்கே போனார்கள். பள்ளிக்கு வராதவனை ஜெயிலில் வைத்தால் அவன் எப்படிப் பள்ளிக்கு வருவான்? 2015 செப்டம்பரில் அதையும் சிவில் விவகாரமாக மாற்றினார்கள்.

சவுத் கரோலைனா கதை இன்னும் மோசம். அங்கே 'பள்ளிக்கு இடையூறு செய்தல்' என்றே ஒரு பழைய சட்டம். 1,000 டாலர் வரை அபராதம், அல்லது 90 நாள் வரை சிறை. 2015 அக்டோபரில் கொலம்பியா நகரத்துப் பள்ளி ஒன்றில், போனைக் கொடுக்க மறுத்து வகுப்பை விட்டு வெளியேறாத மாணவியை ஒரு போலீஸ்காரர் நாற்காலியோடு கவிழ்த்து இழுத்துப் போட்டார். வீடியோ உலகமே பார்த்தது. "இது அநியாயம்" என்று சத்தம் போட்ட இன்னொரு மாணவியையும் அதே சட்டத்தில் கைது செய்தார்கள். போலீஸ்காரருக்கு வேலை போனது, மாணவிகள்மேல் இருந்த கேஸும் பிறகு போனது. 2018இல் அந்தச் சட்டம் மாணவர்களுக்குப் பொருந்தாது என்று திருத்தினார்கள். மாணவர்கள்மேல் அதைப் பயன்படுத்தியது அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. இடையூறு என்றால் எது என்று சட்டத்திலேயே தெளிவில்லை, போலீஸ்காரர் வைத்ததுதான் அளவு என்பது அவர்கள் சொன்ன காரணம்.

என் மனைவி டெக்சாஸில் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியை. இந்த விஷயத்தில் அவள் என் பக்கம் முழுசாக வரமாட்டாள். வகுப்பில் நாற்காலி பறந்ததைப் பார்த்தவள். "நீங்க ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நியாயம் பேசுவீங்க" என்பாள். அவள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: அந்தக் காரியத்தை நம் சேலம் ஐந்து ரோட்டு முக்கில் செய்தால் போலீஸ் வருமா? கத்தினால் வராது. போனை நோண்டினால் வராது. ஒருவன் மண்டையை உடைத்தால் வரும், அரிவாள் எடுத்தால் கட்டாயம் வர வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதைச் சேட்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். கையில் கட்டும் சாதிக் கயிறு, பள்ளிப் பெயரில் ஒட்டியிருக்கும் சாதி என்று பள்ளிக்குள் மாற்ற வேண்டியதைத்தான் பேசுகிறது. கேஸ் வெட்டியவனைப் பிடிக்கும், அடுத்தவன் வெட்டாமல் இருக்கப் பள்ளிதான் வேலை செய்ய வேண்டும்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். அவனுக்கு நவம்பரில் பதினேழு முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். கையேட்டை விட எனக்கு இதுதான் கவலை. இந்தியாவில் 18 வரை சிறார். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் விதிப்படி சின்னக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். கூடப் போடுவதில்லை, விசாரிக்க வரும் அதிகாரி யூனிஃபார்மில் வரக் கூடாது. டெக்சாஸில் 10 முதல் 16 வரைதான் சிறார். 17 ஆகிவிட்டால் குற்றவியல் கோர்ட்டில் அவன் பெரிய ஆள். உங்கள் மகளுக்கு ஒன்பதுதான், பத்துகூட ஆகவில்லை, அவளைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

அவனிடம் இங்கேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். முதலாவது மிரட்டல். நம் பசங்க ஒருத்தனை ஒருத்தன் "கொன்னுடுவேன்டா" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்வார்கள், "நாளைக்கு டெஸ்ட்டா, ஸ்கூலுக்குக் குண்டு வெக்கலாமா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிப்பார்கள். 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் சுட்டுக் கொன்ற பிறகு அங்கே இந்த ஜோக்குக்குச் சிரிக்க ஆளில்லை. இப்படி மிரட்டுவதற்கு 'டெரரிஸ்டிக் த்ரெட்' என்று தனிப் பிரிவே உண்டு, 'ஃபெலனி' என்கிற பெருங்குற்றம் வரைக்கும் போகும். ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் ஒவ்வொரு பள்ளி வளாகத்திலும் இருக்க வேண்டும் என்று 2023இல் சட்டமும் வந்துவிட்டது. பையன் பழகிய ஊர்க் குரூப்பிலும் இந்தப் பேச்சு வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எங்கே வேண்டுமானாலும் போகும்.

இரண்டாவது வேப், அதாவது எலெக்ட்ரானிக் சிகரெட். சாதா நிகோட்டின் வேப்புக்குப் பள்ளி தண்டனை, ஒழுங்கு தவறியவர்களுக்கான மாற்றுப் பள்ளி என்று போகும். அதற்குள் கஞ்சா எண்ணெய் இருந்தால், ஒரு கிராமுக்குக் கீழே இருந்தாலும் டெக்சாஸில் ஃபெலனி. "ஒரு தரம் இழுத்துப் பாருடா" என்று நீட்டுகிறவனுக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. மூன்றாவது, வாத்தியார்மேல் கை படவே கூடாது. அரசுப் பள்ளி ஆசிரியர் அங்கே அரசு ஊழியர் கணக்கு, அடித்தால் சாதாரண அடிதடி கேஸ் இல்லை.

பையில் தேடுவதற்குப் பள்ளிக்கு வாரண்ட் வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும் என்று 1985லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளியில் வைத்துப் போலீஸ்காரர் விசாரித்தால், "அப்பா அம்மா வரட்டும், வக்கீல் வேண்டும், அதுவரை நான் பேசவில்லை" என்று மரியாதையாகச் சொல்லப் பழக்கிவிடுங்கள். பெரியவர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நாம்தான் வளர்த்திருக்கிறோம், அதனால் பையன் மளமளவென்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். ஏட்டையாவிடம் மாமாவை விட்டுப் பேசி முடிக்கிற சேலம் வழி அங்கே செல்லாது. வக்கீல்தான் வழி.

விசாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிறார் கோர்ட் தீர்ப்பைப் பொதுவாக அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தண்டனையாக எண்ணுவதில்லை. பதினேழுக்கு மேல் பெரியவர் கோர்ட்டில் விழுந்தது எண்ணப்படும். எதுவானாலும், டி.எஸ். 160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்ற கேள்வி இருக்கிறது, சென்னையில் விசா ஸ்டாம்பிங் போகும்போது மறைக்க முடியாது. அப்படி ஏதாவது நடந்தால் குடியேற்ற வக்கீலைக் கேட்காமல் எதையும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். மாணவனைப் பலகையால் அடிப்பது டெக்சாஸில் இன்னும் சட்டப்படி செல்லும். பெரிய ஊர்ப் பள்ளிகள் பல கைவிட்டுவிட்டன, ஆனாலும் வேண்டாம் என்று பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் எழுதிக் கொடுக்கலாம். சேர்க்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை வரை ஊரில் இருப்பேன். சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தட்டுவடை செட் வாங்கி வைக்கிறேன். நீங்கள் திண்ணையில் இருங்கள், அவன் என்னிடம் தனியாகக் கேட்க நாலு கேள்வி வைத்திருப்பான்.